கூடுவிட்டுக் கூடு பாயும் நிரல்

இயங்கிக்கொண்டிருக்கும் ஒன்றை நிறுத்தாமலே திருத்துவது எங்ஙனம் என்னும் வினா மனித முயற்சிகள் பலவற்றிலும் எழுவதொன்றாகும். பதுளையைச் சூழ்ந்த மலைகளில் வாழ்வோர்க்கு அவ்வினா புதியதன்று. ஆடித் திங்கள் தொடங்கி ஊவாப் பள்ளத்தாக்குகளில் வறண்ட காற்று வீசும்போது தேயிலையின் மணம் மிகுகின்றது. அப்பருவத்திலே தொழிற்சாலைகளின் இயந்திரங்கள் ஓய்வதில்லை. பறித்த கொழுந்து மறுநாளைக்கெனக் காத்திராது. அது வாட்டப்பெற்று, அரைக்கப்பெற்று, புளிக்கவைக்கப்பெற்று, உலர்த்தப்பெற்று வெளிவருதல் வேண்டும். இடையிலே இயந்திரத்தின் ஓர் உறுப்புப் பழுதாயின், அதனை மாற்றுதற்குச் செல்லும் நேரமெல்லாம் கொழுந்தின் தரத்திலே கழிக்கப்படும். 1924ஆம் ஆண்டிலே பதுளையை வந்தடைந்த புகையிரதப் பாதையும் இத்தகையதே. ஒற்றைத் தண்டவாளத்தின் பழைய கட்டைகளைப் பெயர்த்துப் புதியன இடுவோர், ஒரு வண்டி சென்றதற்கும் மறு வண்டி வருதற்கும் இடைப்பட்ட பொழுதிலேயே தம் பணியை முடித்தாக வேண்டும்.

கணினி நிரலுக்கும் இவ்விடர் உண்டு. கணினி செய்யவேண்டியவற்றை ஒழுங்குபடுத்தி எழுதிய கட்டளைத் தொகுதியே நிரல். அதிலே குற்றங் காணப்படின், வழக்கமாகக் கையாளப்படும் வழி எளியது. இயக்கத்தை நிறுத்திப் புதிய நிரலை இட்டு மீண்டும் தொடங்குவர். ஆயின் பல்லாயிரவர் ஒரே வேளையில் உரையாடும் தொலைபேசி நிலையத்தை அவ்வாறு நிறுத்துதல் இயலாது. ஆதலின், ஓடும் நிரலை ஓடும்போதே மாற்றும் முறையொன்று தேவையாயிற்று. சார்புமுறை நிரல்மொழிகள் எனப்படும் மொழிக் குடும்பத்தில் அம்முறை சிறப்பாக வளர்ந்தது. அவற்றுள்ளும் எர்லாங் என்னும் மொழி இதற்கெனவே புகழ்பெற்றது. அப்புகழுக்குரிய கூறுகளுள் எவை ஆராய்ச்சிக்கு நிற்பன, எவை நில்லாதன என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுவீடன் நாட்டின் எரிக்சன் நிறுவனம் தொலைபேசி நிலையங்களை ஆக்குவதிலே நெடுங்காலம் பழகியது. அதன் கணினியியல் ஆய்வுகூடத்திலே ஜோ ஆம்ஸ்ட்ரோங், ரொபர்ட் வேர்டிங், மைக் வில்லியம்ஸ் ஆகிய மூவரும் 1986ஆம் ஆண்டளவில் தொடங்கிய முயற்சியே எர்லாங்காக உருப்பெற்றது. தொலைபேசிப் போக்குவரத்தைக் கணிதத்தால் ஆராய்ந்த டென்மார்க் நாட்டு அறிஞர் ஏ. கே. எர்லாங்கின் பெயரே மொழிக்குச் சூட்டப்பட்டது. 1998ஆம் ஆண்டின் தொடக்கத்திலே எரிக்சனின் ஒரு பிரிவு புதிய ஆக்கங்களில் இம்மொழியைப் பயன்படுத்தலாகாது என விலக்கியது. அவ்வாண்டின் இறுதியிலேயே மொழி உலகினர் அனைவர்க்கும் திறந்துவிடப்பட்டது. விலக்கப்பட்டது பொதுவுடைமையாகிப் பரவியமை நிரல்மொழி வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. 2003ஆம் ஆண்டில் ஆம்ஸ்ட்ரோங் ஸ்டொக்ஹோம் நகரின் அரச தொழில்நுட்ப நிறுவனத்திற்கு அளித்த கலாநிதிப் பட்ட ஆய்வேடு, பிழையுள்ள மென்பொருளைக் கொண்டே நம்பத்தக்க ஒழுங்குகளை அமைத்தல் எங்ஙனம் என்பதை ஆராய்வது. ஒழுங்கை நிறுத்தாமலே நிரலைப் பேணுதல், தொலைபேசித் துறைக்கு இன்றியமையாத தேவைகளுள் ஒன்றாக அதிலே கூறப்பட்டுள்ளது.

இம்முறை ஏன் சார்புமுறை மொழிகளிலே செழித்தது? கணிதத்திலே சார்பு என்பது உள்ளீட்டைக் கொண்டு வெளியீட்டைத் தருவது. ஒரே உள்ளீட்டுக்கு என்றும் ஒரே வெளியீடே கிடைக்கும். சார்புமுறை மொழிகள் இவ்வியல்பை நிரலுக்கும் விதிக்க முயல்கின்றன. ஒருமுறை பெயரிடப்பட்ட மதிப்பு பின்னர் மாறுவதில்லை. மாறவேண்டிய செய்தி யாவும் ஒரு சார்பிலிருந்து மற்றொன்றுக்குக் கையளிக்கப்படுகின்றது. ஏனைய மொழிகள் பலவற்றில் நிரலின் நினைவு பல மூலைகளில் சிதறிக் கிடக்கும். எவ்வெக் கட்டளை எதனை எப்போது மாற்றும் என அறிதல் அரிது. அத்தகைய வீட்டின் ஒரு சுவரை இடிப்பின் எக்கூரை சரியுமென முன்னறிய இயலாது. சார்புமுறை நிரலிலோ சுவர்கள் தனித்து நிற்கின்றன. ஒன்றைப் பெயர்த்து வேறொன்றை வைத்தற்கு இடம் உண்டு.

எர்லாங் இதற்கு மேலும் ஒருபடி சென்றது. அதன் நிரல் பல்லாயிரம் சிறு செயன்முறைகளாகப் பிரிந்து இயங்குகின்றது. ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அடையாள எண்ணும், தனக்கே உரிய நினைவும் உடையது. ஒன்றன் நினைவை மற்றொன்று தொடமாட்டாது. அவை தம்முள் செய்தி விடுத்தே தொடர்பு கொள்கின்றன. ஒரு செயன்முறையின் வாழ்வு ஒரு சுழற்சி ஆகும். செய்தியொன்றைப் பெறும், அதற்கேற்பத் தன் நிலையைப் புதிதாகக் கணக்கிடும், அப்புதிய நிலையைக் கையிலே கொண்டு தன்னைத் தானே மீண்டும் அழைக்கும். நிலை என்பது அக்கணத்தில் அச்செயன்முறை நினைவில் வைத்திருக்கும் செய்தித் தொகுதி. சுழற்சி முடிந்து மீண்டும் தொடங்கும் அவ்வொரு புள்ளியிலே, செய்யவேண்டிய வேலை எதுவும் அரைகுறையாக நிற்பதில்லை. கடந்தகாலம் முழுவதும் நிலை என்னும் ஒரே பொதியிலே கட்டப்பட்டிருக்கின்றது. நிரலை மாற்றுதற்கு இதனினும் தூய்மையான இடம் வேறில்லை.

மாற்றும் முறை வருமாறு. ஒரு கூற்றின் புதிய பதிப்பு நினைவகத்தில் ஏற்றப்பட்டதும் பழைய பதிப்பு அழிக்கப்படுவதில்லை. இரண்டும் அருகருகே வாழும். கூற்றின் பெயரையும் சேர்த்து முழுமையாக அழைக்கும் அழைப்பு புதிய பதிப்பினுள் புகும். கூற்றின் பெயரின்றி உள்ளிருந்தே அழைக்கும் அழைப்பு, எப்பதிப்பில் நின்றதோ அப்பதிப்பிலேயே தொடரும். ஆகவே எப்போது மாறுவது என்பதை நிரல் எழுதுபவரே தீர்மானிக்கின்றார். ஒரே வேளையில் இரண்டு பதிப்புகளே இருக்கலாம். மூன்றாவது வரவேண்டுமாயின் முதலாவது அகற்றப்படல் வேண்டும். அகற்றும்போது அதிலே இன்னும் நிற்கும் செயன்முறைகள் கொல்லப்படும். எவரேனும் உள்ளே இருப்பின் அகற்ற மறுக்கும் மென்மையான கட்டளையும் உண்டு. ஒற்றைத் தண்டவாளத்தில் முன்னே சென்ற வண்டி அப்பகுதியை விட்டு நீங்கினாலன்றி அடுத்த வண்டியை உள்ளே விடாத நிலைய அதிபரின் விழிப்புக்கு இதனை ஒப்பிடலாம். பழையது வெளியேறியதை அறிந்த பின்னரே பாதை திறக்கப்படுகின்றது.

ஓடும் நிரலை மாற்றிய முதல் மொழி எர்லாங் அன்று. 1958ஆம் ஆண்டளவில் ஜோன் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப் மொழியின் மரபிலே, இயங்கும் நிரலின் சார்பொன்றை விசைப்பலகையிலிருந்தே மீள வரையறுத்தல் நெடுங்கால வழக்கம். ஆயின் அங்கே அது பெரிதும் ஆக்குவோனின் வசதியாகவே இருந்தது. மாற்றம் எந்தக் கணத்தில் எவரைப் பற்றும் என்பதற்கு விதி இல்லை. எர்லாங்கின் பெருமை, மாற்றம் நிகழத்தக்க இடத்தை மொழியின் இலக்கணத்திலேயே குறித்து வைத்தமை ஆகும். தற்செயலாக நிகழக்கூடியதை ஒழுங்குக்கு உட்படுத்தியது அம்மொழி. இப்பாராட்டு அதற்கு முழுவதும் உரியது.

இனி அதன் மறுபக்கத்தை நோக்குவோம். ஆம்ஸ்ட்ரோங் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட எர்லாங் பாடநூலிலே இம்முறைக்கு அழகியதோர் எடுத்துக்காட்டு உண்டு. பெயர்களையும் அவற்றுக்குரிய இடங்களையும் வைத்திருக்கும் ஒரு சிறு சேவையகம் இயங்குகின்றது. பெயர்களைச் சேர்க்கவும் தேடவும் மட்டுமே அதற்குத் தெரியும். பின்னர் எல்லாப் பெயர்களையும் பட்டியலிடவும் நீக்கவும் வல்ல புதிய கூறு எழுதப்படுகின்றது. ஒரு செய்தி விடுத்ததும், சேவையகம் நில்லாமலே புதிய ஆற்றலைப் பெறுகின்றது. முன்னர்ச் சேர்த்த பெயர்களும் அப்படியே இருக்கின்றன. படிப்போர் வியப்பது இயல்பே. ஆயினும் அவ்வியப்பு எங்கிருந்து பிறந்தது என ஆராய்தல் வேண்டும். பழைய கூறும் புதிய கூறும் தம் நிலையை ஒரே வகையான அகராதி வடிவிலேயே வைத்துள்ளன. ஆகவே கைமாற்றத்திலே இடர் எதுவும் நேரவில்லை. எடுத்துக்காட்டு பொய்யன்று. ஆயின் வினாவின் கடினமான பாதியை அது தொடவில்லை. நிலையின் வடிவமே மாறவேண்டிய போது யாது நிகழும் என்பதே உண்மையான சோதனை.

இம்மலைநாட்டு வாழ்விலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். தோட்டமொன்றில் கொழுந்து நிறுக்கும் கணக்கை ஒரு நிரல் வைத்திருக்கின்றது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு செயன்முறை உண்டு. அதன் நிலையில் தொழிலாளியின் எண்ணும், அன்று அதுவரை நிறுத்த கொழுந்தின் மொத்தக் கிலோவும் உள்ளன. நண்பகல் நிறுவை முடிந்த பின், காலை நிறுவையையும் நண்பகல் நிறுவையையும் தனித்தனியே காட்டும் புதிய நிரல் ஏற்றப்படுகின்றது. ஒரு பெண்ணின் கணக்கில் அப்போது 14 கிலோ நிற்கின்றது. புதிய நிரல் இரண்டு எண்களை எதிர்பார்க்கின்றது. பழைய நிலையோ ஓர் எண்ணையே தருகின்றது. எர்லாங்கிலே இத்தகைய வடிவப் பொருத்தமின்மை நேரின் அச்செயன்முறை வீழும். வீழ்ந்ததை மேற்பார்வைச் செயன்முறை உடனே மீள எழுப்பும். ஆயின் எழுந்தது வெறுங்கையோடு எழும். ஒழுங்கு ஒரு கணமும் நிற்கவில்லை என அறிக்கை கூறும். அவள் காலை முதல் மலையேறிப் பறித்த 14 கிலோவைக் காணோம்.

நில்லாமை என்பதைக் கொண்டு மட்டும் ஓர் ஒழுங்கை அளத்தலாகாது என்பது இதனாற் பெறப்படும். தொலைபேசி நிலையத்திலே ஓர் உரையாடல் அறுந்தால் மீண்டும் அழைத்துக்கொள்ளலாம். அத்துறையிலே பிறந்த மொழிக்கு, வீழ்ந்ததை எழுப்புதல் போதுமான மருந்தாகத் தோன்றியது. கூலிக் கணக்குக்கோ மருந்துச்சாலைக் குறிப்புக்கோ அது போதாது. அங்கே காக்கப்படவேண்டியது இயக்கமன்று, நினைவே.

சேக்கிழார் பெரியபுராணத்திலே கூறும் திருமூலர் வரலாறு இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. சாத்தனூரிலே மூலன் என்னும் இடையன் இறந்து கிடக்கின்றான். பசுக்கள் அவனைச் சூழ்ந்து கதறுகின்றன. அவ்வழி வந்த சிவயோகியார் இரக்கங்கொண்டு தம் உடலை ஓரிடத்தே வைத்து, அவன் உடலினுள் புகுகின்றார். பசுக்கள் மகிழ்ந்து மேயத் தொடங்குகின்றன. மாலையில் வீடு திரும்புகின்றன. அவற்றுக்கு வேண்டியது மேய்ப்பவன், மேய்ப்பவன் இருக்கின்றான். ஆயின் மூலனுடைய மனைவி வந்து வீட்டுக்கு அழைத்தபோது, தமக்கும் அவளுக்கும் தொடர்பு எதுவும் இல்லையென அவர் மறுத்துவிடுகின்றார். உடல் அதுவே, பெயரும் அதுவே. உள்ளிருப்பவர் வேறு. மூலனுடைய கடந்தகாலம் அவரிடம் இல்லை.

இவ்வரலாற்றின் சமயப் பொருளை ஈண்டு ஆராயவில்லை. உவமை மட்டுமே கொள்ளப்படுகின்றது. ஊரார் அறிந்த உடலும் பெயரும் செயன்முறையின் அடையாள எண்ணைப் போன்றன. உட்புகுந்த யோகியார் புதிய நிரலைப் போன்றவர். நிரல் புகுந்த பின்னும் வெளியிலிருப்போர் பழைய எண்ணுக்கே செய்தி விடுப்பர். அவருள் சிலர் பசுக்களைப் போன்றோர். இப்பொழுது செய்யவேண்டியதைச் செய்தால் அவர்க்குப் போதும். மற்றுஞ் சிலர் மனைவியைப் போன்றோர். முன் நிகழ்ந்ததை நம்பி வருவோர் அவர். கூடுவிட்டுக் கூடு பாய்தல் முதல் வகையினரை நிறைவு செய்யும். இரண்டாம் வகையினரை நிறைவு செய்யாது. ஆயினும் திருமூலரிடம் ஒரு நேர்மை உண்டு. தாம் அறியாத உறவை அறிந்ததுபோல் அவர் நடிக்கவில்லை. நிரல் எழுதுவோர் கற்கவேண்டிய பாடம் அதிலே அடங்கியுள்ளது.

எர்லாங்கை ஆக்கியோர் இவ்விடரை அறியாதவர் அல்லர். மொழியோடு வளர்ந்த நூலகத் தொகுதியிலே நிலைமாற்றத்துக்கெனத் தனிச் சார்பு ஒன்று வகுக்கப்பட்டுள்ளது. பதிப்பு மாறும்போது ஒழுங்கு அச்செயன்முறையை இடைநிறுத்தும். புதிய நிரலை ஏற்றும். பழைய நிலையை அச்சார்பிடம் கொடுத்துப் புதிய வடிவிலே பெறும். பின்னர் மீண்டும் இயங்கவிடும். மாற்ற இயலாதெனின் அச்சார்பு மறுத்து விடையளிக்கவும் கூடும். திருமூலரின் நேர்மைக்கு இங்கே இடமுண்டு. எந்தக் கூற்றுக்குப் பின் எந்தக் கூறு மாற வேண்டும் எனக் கட்டளையிடும் ஏடுகளும் உள்ளன. ஆதலின் ஏற்பாடு இல்லையென்று கூறுதல் அநீதியாகும். ஏற்பாட்டின் எல்லைகளையே சுட்டுதல் வேண்டும்.

அவ்வெல்லைகள் நான்கு. முதலாவது, இல்லாத செய்தியை எந்தச் சார்பும் உண்டாக்க மாட்டாது. 14 கிலோவிலே காலையில் நிறுத்தது எவ்வளவு என்பதைப் பழைய நிலை குறித்து வைக்கவில்லை. மாற்றுச் சார்பு ஒரு பங்கீட்டைப் புனையலாம். அல்லது அறியோம் என எழுதலாம். எது செய்தக்கது என்பது கணினியின் வினாவன்று, தோட்டக் கணக்கின் வினா. இரண்டாவது, இடைநிறுத்திய வேளையிலும் செய்திகள் வந்து அஞ்சற் பெட்டியிலே குவியும். அவை பழைய வடிவில் எழுதப்பட்டவை. நிலையைத் திருப்பிய சார்பு அவற்றைத் திருப்புவதில்லை. மூன்றாவது, காலம். அழைத்தவர் விடைக்காகக் காத்திருக்கும் வழக்கமான எல்லை 5 விநாடி. பெரியதொரு நிலையைத் திருப்புதற்கு அதனினும் மிகுதியான நேரம் செல்லுமாயின் காத்திருந்தோர் கைவிட்டு வீழ்வர். நான்காவது, பின்வாங்குதல். புதிய நிரல் தவறெனக் கண்டு பழையதற்கு மீள வேண்டின், திருப்பியதைத் திருப்பித் தரும் மற்றொரு வழியும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். ஏறும் படியைச் சோதித்தவர் பலராயினும் இறங்கும் படியைச் சோதிப்போர் சிலரே.

இவற்றோடு மொழியின் இயல்பும் சேர்கின்றது. எர்லாங் நிரலை ஏற்றும்போது, பழைய நிலையின் வகையும் புதிய நிரல் எதிர்பார்க்கும் வகையும் ஒத்தனவா என மொழி முற்படச் சோதிப்பதில்லை. எழுதியவரின் வாக்குறுதியே சான்று. வாக்குறுதி பொய்ப்பின் அது ஓடும்போதே வெளிப்படும். வகைகளைக் கண்டிப்பாகச் சோதிக்கும் ஹாஸ்கெல் போன்ற மொழிகளிலே இக்குறை இல்லையா என வினவலாம். அங்கே இடர் வேறு வடிவிலே தோன்றுகின்றது. ஒரு நிரலைத் தொகுக்கும்போது அதனுள் உள்ள வகைகள் தம்முள் ஒத்தனவா என மொழி காணும். நேற்றுத் தொகுத்து இன்று ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் நிலையோ அச்சோதனைக்குப் புறம்பானது.

அம்மொழியினர் கண்ட இரு வழிகள் நோக்கத்தக்கன. 2007ஆம் ஆண்டில் வெளிவந்த எக்ஸ்மொனாட் என்னும் சாளர மேலாளர், தன் நிலையை எழுத்தாக வடித்துப் புதிய நிரலிடம் கொடுத்துவிட்டுத் தான் மறைகின்றது. புதிய நிரல் அவ்வெழுத்தைப் படித்துப் பழைய இடத்திலிருந்தே தொடர்கின்றது. இங்கே நிலை வெளிப்படையாகிக் கண்ணுக்குப் புலப்படுகின்றது. மற்றது, முகநூல் நிறுவனம் வேண்டாச் செய்திகளைத் தடுக்க ஹாஸ்கெல் மொழியிலே அமைத்து 2015ஆம் ஆண்டில் விளக்கிய ஒழுங்கு. ஒரு விநாடிக்குப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வேண்டுகோள்களை அது ஆராய்ந்தது. விதிகள் அடிக்கடி மாறுவதால் நிரலும் ஓடும்போதே மாற்றப்பட்டது. புதிய வேண்டுகோள் புதிய நிரலுக்குச் செல்லும். பழைய வேண்டுகோள் பழைய நிரலிலேயே முடியும். எல்லாம் முடிந்ததும் பழையது அகற்றப்படும். இது பெரிதும் எளிதாய் நிகழ்ந்ததற்குக் காரணம், ஒரு வேண்டுகோள் தன் நினைவை அடுத்ததற்கு விட்டுச்செல்லாமையே. நிலை சிறிதாயின் மாற்றம் எளிது. நிலை நெடியதாயின் மாற்றம் அரிது. மொழி எதுவாயினும் விதி இதுவே.

எர்லாங்கின் சார்பாகக் கூறப்படும் சான்றுகளையும் எடைபோடுதல் நன்று. எரிக்சனின் ஏ.எக்ஸ்.டி. 301 என்னும் இணைப்புப் பொறி பத்து இலட்சம் வரிக்கு மேற்பட்ட எர்லாங் நிரலால் ஆயது. அதன் நம்பகம் ஒன்பது ஒன்பதுகள் என, அஃதாவது நூற்றுக்கு 99.9999999 என, ஆம்ஸ்ட்ரோங்கின் ஆய்வேட்டிலே கூறப்படுகின்றது. கணக்கிட்டுப் பார்ப்பின், ஓர் ஆண்டு முழுவதிலும் ஒரு விநாடியின் 30இல் ஒரு பங்கு மட்டுமே ஓய்ந்தது என்பது அதன் பொருள். அவ்வெண்ணைப் பின்வந்தோர் பலவாறு வாதித்தனர். எண் சரியாயினும், அதிலே இரட்டை வன்பொருளுக்கு எத்துணைப் பங்கு, மேற்பார்வைச் செயன்முறைகளுக்கு எத்துணை, நிரல்மாற்றுக்கு எத்துணை என அது பிரித்துரைப்பதில்லை. ஆதலின் அதனை நிரல்மாற்று முறையின் வெற்றிக்குச் சான்றாக எடுத்தாளுதல் அளவைக்குப் பொருந்தாது.

வேறொரு சான்று வலிமையுடையது. தோட்டத்து லயங்களிலிருந்து மத்திய கிழக்கிற்குப் பணிக்குச் சென்றோரோடு உறவினர் நாள்தோறும் பேசப் பயன்படும் வட்ஸ்அப் சேவை, எர்லாங்கைக் கொண்டே கட்டப்பட்டது. ஓடும் நிரலைத் திருத்தும் வசதியை அதன் பொறியியலாளர் நடைமுறையிலே மிகுதியாகக் கையாண்டனர். முறை பயனற்றது எனச் சொல்வோர்க்கு இது தக்க விடை. எனினும் எர்லாங்கின் இயங்குதளத்தின் மேலேயே எழுந்த எலிக்சிர் மொழியினர், 2019ஆம் ஆண்டில் தம் மொழியோடு வெளியீட்டுக் கருவியைச் சேர்த்தபோது, ஓடும்போதே மாற்றும் வசதியை அதில் இயல்பாகச் சேர்க்கவில்லை. பெரும்பாலான நிரல்களுக்கு அதன் சிக்கல் அதன் பயனிலும் மிகுதி என்பது அவர் முடிபு. பல கணினிகளை வைத்து, ஒன்றை நிறுத்திப் புதுப்பித்துப் பின் மற்றொன்றைப் புதுப்பிக்கும் வழியையே பலரும் கைக்கொள்கின்றனர். வாரிசுகளே பாட்டன் சொத்தைத் தயக்கத்தோடு நோக்குவது கருதத்தக்கது.

தேயிலை மலையைப் புதுப்பிப்பதிலும் இவ்விரு வழிகளும் உள்ளன. செடிகள் பட்டுப்போன இடங்களிலே மட்டும் புதுக் கன்றுகளை நட்டுவிட்டுக் கொழுந்து பறிப்பதைத் தொடர்வது ஒரு வழி. வருவாய் நிற்பதில்லை. ஆயின் முதிர்ந்த செடிகளின் நிழலிலும் வேர்ப் போட்டியிலும் இளங்கன்று செழித்தல் அரிது. மலை முழுவதையும் வேரோடு பிடுங்கி, ஒன்றரை ஆண்டு முதல் இரண்டாண்டு வரை புல் வளர்த்து மண்ணைத் தேற்றிப் பின் புதிதாக நடுவது மற்றைய வழி. அதிலே சில ஆண்டு வருவாய் இழப்பு உண்டு. ஆயின் வரும் மலை முழுவதும் ஒரே சீராக இருக்கும். அறிவுடைய தோட்ட நிர்வாகம் ஒன்றையே என்றும் பற்றுவதில்லை. மலைகள் பலவாதலின் ஒன்றை ஓய்வித்து மற்றவற்றிலே கொழுந்து பறிக்கின்றது. நிரலுலகிலே ஒன்றன்பின் ஒன்றாய்க் கணினிகளைப் புதுப்பிப்போர் செய்வதும் இதுவே. ஓடும்போதே திருத்துதலோ முதல்வழி போன்றது. ஓரிரு குறைகளைத் தீர்க்க அது நன்று. தலைமுறை மாற்றத்துக்கு அது ஏற்றதன்று.

இவற்றால் பெறப்படும் முடிபு ஒன்று. நிரலை மாற்றுதல் சிறு பாதி. நிலையையும் பிறர்க்கு அளித்த வாக்கையும் எடுத்துச் செல்லுதல் பெரும் பாதி. எர்லாங் சிறு பாதியை நிறைவாகச் செய்தது. மாற்றம் நிகழத்தக்க இடத்தை வரையறுத்ததன் மூலம் பெரும் பாதியை எங்கே தேடவேண்டும் என்றும் காட்டியது. பெரும் பாதியைத் தானே செய்துவிட்டதாக அதன் புகழ்பாடுவோர் கருதுவரேல் அது மிகைக் கூற்றாகும். நெடிய நினைவுடையனவும் எவ்வாற்றானும் நிறுத்த இயலாதனவுமாகிய ஒழுங்குகளுக்கு அம்முறை அரியதொரு கருவி. ஏனையவற்றுக்கு, நிறுத்தித் தொடங்குவதில் நாணத்துக்குரியது யாதுமில்லை.

பதுளையிலே 2005ஆம் ஆண்டில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தோன்றிய பின், கணினியியல் இம்மலைகளுக்குத் தொலைவான கல்வி அன்று. தோட்டத்துப் பிள்ளைகள் நாளை எழுதும் நிரல்கள் கொழுந்தை நிறுக்கும்; சேமலாப நிதியைக் கணக்கிடும்; நோயாளியின் மருந்தைக் குறிக்கும். அவற்றைத் திருத்தும் நாளும் வரும். அந்நாளிலே அவர் முதலில் வினவவேண்டியது, ஒழுங்கு நின்றதா நில்லாததா என்பதன்று. நண்பகலிலே நிரல் மாறிய பின்னும், காலையிலே பறித்தவளின் கணக்கில் 14 கிலோ அப்படியே நிற்கின்றதா என்பதே.